ஏழாம் வரிசை

மேற்கு வர்ஜீனியாவில், எங்கள் பள்ளத்தாக்கில்
'அவனுக்குச் சர்க்கரை' என்றால்
யாரும் டப்பாவைத் தேடமாட்டார்கள்.
குனிந்து பாதத்தைப் பார்ப்பார்கள்.

செவிலி ராண்டா தாளைத் திருப்பிக் காட்டினாள்.
ஒன்பது புள்ளி எட்டு.
"இந்த எண்ணோடுதான்
பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிறாயா?"
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
"ஒரு நாளைக்கு எத்தனை, ஹோபர்ட்?"
"ஆறு."
பேனாவைத் தொடாமல் காத்திருந்தாள்.
"சரி, எட்டு."
பத்து என்பது
என் குப்பைத் தொட்டிக்குத் தெரியும்.

சுரங்கத்துக்குள் இருபத்திரண்டு வருடம்.
தொண்டையில் படிந்த கரியை
அறுத்து இறக்க அது ஒன்றுதான் கைகொடுத்தது:
பச்சை டப்பா, நுனிநாக்கில் குத்தும் குமிழி,
இருட்டுக்குள் 'டப்' என்று ஒரு சின்ன வெளிச்சம்.
மேலே வந்தால்
வீட்டுக் குழாயில் தேநீர் நிறத்தில் தண்ணீர்,
தேயிலை போடாமலே.
ட்ரீமா வெள்ளைத் துணி வாங்குவதை நிறுத்தினாள்.
மகளுக்கும் தாகம் எடுத்தது.
அவள் பால்பற்கள் விழவில்லை,
கரைந்தன.

யாரும் எச்சரிக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.
சொன்னார்கள். நல்ல தாள், வண்ணப் படங்கள்.
சொன்னவர்கள் வீட்டுக் குழாயில் என்ன வந்தது என்று
நான் கேட்கவில்லை.

சபதம் எதுவும் எடுக்கவில்லை.
பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
பனியில் லாரி ஏறி வரவில்லை,
கடை அலமாரி காலி.
இன்றைக்கே ஆகட்டும் என்று
ரொட்டி மட்டும் வாங்கித் திரும்பினேன்.

மூன்றாம் நாள்
மண்டைக்குள் யாரோ கூரைக்கு போல்ட் அடித்தார்கள்,
அதே பழைய இயந்திரம், அதே ஷிப்ட்.
ஐந்தாம் நாள்
கரண்டி தட்டில் பட்ட சத்தத்துக்கு
ட்ரீமாவிடம் சண்டை.
நான் உட்கார்ந்தபடியே இருக்க
கை மட்டும் எழுந்து குளிர்ப்பெட்டிவரை போய் வந்தது.
சுரங்கம் மூடிய வாரத்தில்
நாலு மணிக்கே விழித்து
சாப்பாட்டு வாளியைத் துழாவியது நினைவு வந்தது.

ஒன்பதாம் நாள்.
கடைசிப் பையனை இறக்கிவிட்டு
இருக்கை இருக்கையாகப் பார்த்து வருகிறேன்.
கையுறை ஒன்று. கணக்கு நோட்டு.
ஏழாம் வரிசையில்
கார்பின் விட்டுப்போன டப்பா, பாதி மிச்சம்.
ஆறாம் வகுப்பு. எப்போதும் மூக்கு ஒழுகும்.
எல்லாம் தெரிந்துதான் குடித்தேன்.
குமிழி செத்து, வெதுவெதுவென்று,
தைலம் போல இறங்கியது.
பிள்ளைகளைக் கவனிக்க வைத்த அகலக் கண்ணாடியில்
ஐம்பத்தேழு வயதுக்காரன் ஒருவன்
ஒரு குழந்தையின் எச்சிலைத்
தலையை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தான்.
இதை ட்ரீமாவிடம் சொல்லவில்லை.
உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை மலைவளைவில்,
பாறையில் சொருகிய இரும்புக் குழாயடியில்
வழக்கமான வரிசை.
என் முன்னால் நின்றது
பக்கமெல்லாம் குமிழி வரைந்த அந்த லாரிதான்.
ஓட்டுநர் வென்டல், பால் கேன்களில்
ஊற்றுநீர் பிடித்துக்கொண்டிருந்தான்.
பதினான்கு கேன். எண்ணினேன்.
"உனக்கென்னப்பா, முதுகுப்பக்கம் முழுக்க இருக்கே?"
தாடையால் லாரியைக் காட்டினான்.
"அதுவா, எனக்கு ஒத்துக்காது."
இருவரும் சிரிக்கவில்லை.
கேன் நிரம்பி அவன் காலுறை நனைந்த பிறகுதான்
சிரிப்பு வந்தது, அதுவும் இருமலாக.

தண்ணீருக்கு ருசி இருக்கிறது என்கிறார்கள்.
பல் கூசுகிறது, கொஞ்சம் கல், கொஞ்சம் இரும்பு,
அதற்கப்புறம் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததை என்ன செய்வதென்று
என் நாக்குக்கு இன்னும் புரியவில்லை.

திங்கட்கிழமை, ஏழாம் வரிசையில்
மறுபடி ஒரு டப்பா.
எடுத்துப்போய்ப் பனியில் கவிழ்த்தேன்.
கவிழ்க்கும்போது
இன்னும் எத்தனை மடக்கு இருந்தது என்று
கண் அளந்தது.